பார் என்பது ஊர்தான், மாப்பிள்ளை

என்றும் என் அன்புக்குரிய மாப்பிள்ளை தனபாலுக்கு,

பார் என்று ஓர் ஊர் இருக்கிறது! போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். ரயில் நிலையப் பலகையில் ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தில் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் கீழே நின்று நான்கு படம் எடுத்துக்கொண்டேன். எழுபத்து மூன்று வயதுக் கிழவன் ஒரு ரயில் நிலையப் பலகையைப் பார்த்து ஏன் இப்படிச் சிரிக்கிறான் என்று அங்கிருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

வந்து ஒரு வாரம் ஆகிறது, இன்னும் கை ஓரிடத்தில் நிற்கவில்லை. இப்படியே எழுதினால் முன்னும் பின்னுமாகக் கொட்டிவிடுவேன். அதனால் என் வழக்கப்படி முதலில் ஒரு பட்டியல் போட்டுக்கொள்கிறேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும்.

1. மல்லிகா, ரேவதி, நான் மூவரும் அங்கே போய்ச் சேர்ந்தது.
2. அந்தக் கல் கரை.
3. உங்கள் பழைய கடிதத்தை நான் படித்த விதம்.
4. அதனால் நீங்கள் கடலை இழந்தது. அதற்கு முழுக் காரணமும் நான்.
5. வீட்டுச் செய்திகள், இடம் இருந்தால்.

நான்காவதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அதை உங்களிடமும் மல்லிகாவிடமும் சொல்லிவிட வேண்டும். பத்து மாதமாக நெஞ்சில் கிடக்கிறது. சொன்ன பிறகு என் தங்கை என்னோடு பேசுவாளா என்பது தெரியவில்லை.

உங்கள் முதலாண்டு நினைவு மலரில் இது அச்சாகும் என்று உங்கள் மகள் ரேவதி சொல்லியிருக்கிறாள். ஆகவே உங்களைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தனபால் என் தங்கை மல்லிகாவின் கணவர். முதலில் கப்பலில் இயந்திரப் பிரிவில் இருந்தார். பிறகு ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டு வேலை செய்தார். என்னை மச்சான் என்பார். நான் அவரை மாப்பிள்ளை என்பேன்.

வரிசையை இப்போதே மீற வேண்டியிருக்கிறது. மூன்றாவதை முதலில் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. பட்டியல் போட்டவனே அதைக் கலைப்பது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

நாற்பது ஆண்டுக்கு முன்பு உங்கள் கப்பல் ஏதோ இயந்திரக் கோளாறால் ஏட்ரியாடிக் கடலோரத் துறைமுகம் ஒன்றில் இரண்டு மாதம் நின்றுவிட்டது. உங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மல்லிகா எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டில், என்னோடும் அம்மாவோடும் இருந்தாள். அங்கிருந்து நீங்கள் போட்ட கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பார்த்தே எழுதுகிறேன்:

‘பார் பக்கத்தில் நீளமாக ஒரு கரை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பஸ் பிடித்து அங்கேதான் போகிறேன். போய்விட்டால் திரும்பி வர மனமே வருவதில்லை. அங்கே யாராலும் நேராக நடக்க முடியாது. எல்லோரும் தள்ளாடித்தான் நடக்கிறார்கள், நானும்தான். இந்த ஆனந்தத்தை மல்லிகாவுக்கும் ஒருநாள் காட்ட வேண்டும்.’

நீங்களே சொல்லுங்கள், மாப்பிள்ளை. சிராங்கூன் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலை குடித்துவிட்டுத் தள்ளாடி நடப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவன் இதை எப்படிப் படிப்பான்? கரை என் கண்ணில் படவே இல்லை, முதல் சொல்தான் பட்டது. கடைசி வரிக்கு வந்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. என் தங்கைக்குமா ஊற்றிக் கொடுக்கப் போகிறார் இவர்!

ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டிருப்பீர்கள், அதுவே காட்டிக் கொடுத்திருக்கும். தமிழில் ஊருக்கும் அதே எழுத்துதான், குடிக்கும் இடத்துக்கும் அதே எழுத்துதான். இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் சாக்காகத்தான் சொல்கிறேன்.

நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து சாப்பிட்டவன். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பெரிய அட்லஸ் ஒன்று வீட்டில் என் மேசைமேல் இருந்தது. அதைத் திறக்கவில்லை. எதற்குத் திறக்க வேண்டும்? பார் என்றால் என்ன என்றுதான் எனக்குத் தெரியுமே.

உட்கார்ந்து ஆறு பக்கம் எழுதினேன். அதிலும் எண் போட்டிருந்தேன். கல்லீரல் ஒன்று, குடும்ப மானம் இரண்டு, இயந்திர அறையில் நிதானம் தவறினால் கை போய்விடும் என்பது மூன்று. பதினொன்று வரை போனது. நீங்கள் ஒரே தாளில் பதில் போட்டீர்கள். ‘மச்சான், பார் என்பது ஊர். கரை முழுக்கக் கல் என்பதால் தள்ளாடுகிறோம். சத்தியம்.’

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். மல்லிகா பயறு ஆய்ந்துகொண்டிருந்தாள். “பாரும்மா, பொய்யக்கூட பொருத்தமா சொல்லத் தெரியல. ஊருக்குப் போய் யாராச்சும் பார்னு பேர் வைப்பாங்களா?” என்றேன். அவள் தட்டின்மேல் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். அன்றே உங்களுக்கு இரண்டே வரியில் எழுதிப் போட்டேன்: கப்பலை விட்டு இறங்கி வாருங்கள். வராவிட்டால் என் தங்கை என் வீட்டிலேயே இருப்பாள்.

வந்துவிட்டீர்கள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இனி நான்காவது.

கடலில் போக வேண்டிய மனிதர் முப்பது ஆண்டு மற்றவர்கள் ஓட்டும் கப்பலுக்குப் பழுது பார்த்தீர்கள். வேலை முடிந்து ஒரு கப்பல், பட்டறையை விட்டுக் கிளம்பும்போது அது முனை திரும்பும்வரை நின்று பார்ப்பீர்கள் என்று மல்லிகா சொல்லியிருக்கிறாள். அதை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு என் வெற்றிதான் பெரிதாக இருந்தது. தீபாவளிக்கு யாராவது பியர் நீட்டினால், “வேணாம்பா, மச்சான் ஆர்டர்” என்று கையை உயர்த்துவீர்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் அடக்கமாக இருப்பதுபோல் பாவனை செய்துகொண்டு மனதுக்குள் நிமிர்ந்து உட்காருவேன்.

ஒருமுறை பாசிர் ரிஸ் கடற்கரையில், எல்லோரும் கோழி சுட்டுக்கொண்டிருந்தபோது, நீங்கள் எழுந்து மணலில் பத்து அடி நேராக நடந்து காட்டினீர்கள். “பாத்துக்குங்க மச்சான், நேரா நடக்கறேன்!” என்றீர்கள். மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திருந்திய மனிதர் தன்னையே கேலி செய்துகொள்கிறார் என்று நான் நெகிழ்ந்துபோனேன். எவ்வளவு படித்திருந்து என்ன பயன்?

உண்மை தெரிந்தது நீங்கள் போன பிறகுதான். உங்கள் பூன் லே வீட்டில், நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகியிருக்காது. ரேவதி போனைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“அம்மா, நாம அந்த பீச்சுக்குப் போறோம். அப்பா உன்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டே இருந்தாருல்ல? ஃபிளைட் இஸ்தான்புல் வழியா. அப்புறம் ட்ரெயின். பார்ல இறங்கணும்.”

“பார்லயா? எந்த பார்ல?” என்று கேட்டேன்.

“பார்தான் மாமா, ஊர் பேரு. மாண்டிநீக்ரோல. இதோ மேப்.” போனை என் பக்கம் திருப்பியவள், “ஏன் மாமா இப்படி வேர்க்குது? ஃபேன் கூட்டவா?” என்றாள்.

மல்லிகா கோப்பைகளில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் என்னைக் கொன்றது. நாற்பது வருடத்துக் கணவனை அநியாயமாகச் சந்தேகிக்க வைத்த அண்ணனை அவள் என்னவென்று கேட்பாள்? நான் தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு, “நானும் வர்றேன்” என்றேன். மலாக்காவுக்குப் போவதென்றாலே பெட்டியை மூன்று முறை பிரித்து அடுக்குகிறவன் நான். என் வாய்தான் அதைச் சொன்னதா என்று எனக்கே சந்தேகம்.

இனி ஒன்றுக்கும் இரண்டுக்கும் வருகிறேன். இந்த இடத்தை எழுதத்தான் ஒரு வாரமாகக் கை துடிக்கிறது!

முறையாகப் பயிற்சி எடுத்தேன். தேக்காவில் என் அடுக்குமாடி புளோக்கின் கீழே பாத அழுத்தப் பாதை இருக்கிறதல்லவா, சிமென்டில் கூழாங்கல் பதித்தது? அதில் வெறுங்காலோடு தினமும் காலை பன்னிரண்டு சுற்று, மூன்று வாரம். பக்கத்துப் புளோக் சீன அன்ட்டி, “வாவ், அங்கிள், எவ்ரிடே ஆ? ஸ்ட்ரோங் லா!” என்றார். கல் கரை என்றால் இனி என்ன பயம் என்று இருந்தேன். மருந்துப் பட்டியல் இரண்டு பிரதி எடுத்தேன். பெட்டியில் சிறிய ரைஸ் குக்கரும் பருப்புப் பொடியும் வைத்தேன். விமான நிலையத்தில் ரேவதி பெட்டியைத் தூக்கிப் பார்த்து, “மாமா, நாம பீச்சுக்குப் போறோமா, குடி போறோமா?” என்றாள்.

ரயில் ஒரு பெரிய ஏரியின் குறுக்கே போகிறது, மாப்பிள்ளை! நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லையே? அப்புறம் மலைக்குள் நுழைகிறது, இருட்டு, மறுபடி வெளிச்சம், சட்டென்று கடல். மல்லிகா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டே வந்தாள். பிறகுதான் அந்தப் பலகை. படம் எடுத்ததைச் சொல்லிவிட்டேன்.

நிலையத்துக்கு வெளியே ஒரு டாக்சிக்காரர், உங்கள் வயதுதான் இருக்கும். எங்கே போக வேண்டும் என்று கேட்டார். “பார்” என்றேன். அவர் கண்ணைச் சிமிட்டி, “பார் சிட்டியா, இல்லை…” என்று கட்டை விரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டினார்.

நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த குக்கர் பை கீழே விழுந்துவிட்டது. அந்த ஊரில் பிறந்தவரே கேட்கிறார் என்றால் நான் எம்மாத்திரம்! ஆனால் அடுத்த நிமிடமே வெட்கமாகிவிட்டது. அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார். நான் கேட்கவில்லை. நீங்கள் சொன்னதையும் நம்பவில்லை.

மறுநாள் காலை அவரே எங்களை வடக்கே கூட்டிப் போனார். மலைச்சாலையில் ஒரு வளைவு திரும்பியதும் ரேவதி, “அம்மா! அங்க!” என்று கத்தினாள். கீழே வளைந்து நீண்டு கிடந்தது. ஓர் ஓட்டல் இல்லை, வரிசைக் குடை இல்லை. பின்பக்கம் நாணல் காடும் சதுப்பும், அதற்குப் பின்னால் மலை. முன்பக்கம் கடல். நடுவில் கல், கல், கல். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் என்று டாக்சிக்காரர் சொன்னார். கோடை முடிந்துவிட்டதால் ஆள் நடமாட்டமே இல்லை. தூரத்தில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் இருந்த ஒவ்வொரு வரியும் சரி. சரிபார்த்துவிட்டேன். கரை நீளம்: சரி. திரும்பி வர மனம் வராது: சரி, டாக்சிக்காரரை இரண்டு முறை காத்திருக்கச் சொன்னோம். நேராக நடக்க முடியாது: ஐயோ, சரி!

என் மூன்று வாரப் பயிற்சி மூன்று அடியில் முடிந்துபோனது. நம் புளோக்கின் கீழே இருப்பது சிமென்டில் மாட்டிக்கொண்ட கல். அங்கே இருப்பது ஓடுகிற கல். காலை வைத்தால் உள்ளே வாங்குகிறது, எடுத்தால் பின்னால் இழுக்கிறது. மேலே கிடப்பவை சாத்துக்குடி அளவு. தண்ணீரை நெருங்க நெருங்கச் சிறுத்துக்கொண்டே போய், விளிம்பில் பட்டாணி அளவில் நிற்கின்றன. வெள்ளை, சாம்பல், ஈரம் பட்டால் மட்டும் சிவக்கிற ஒரு வகை. நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, இடுப்பு ஒரு பக்கம், தலை ஒரு பக்கமாகப் போனேன்.

பின்னாலிருந்து மல்லிகாவின் குரல்: “என்னண்ணே, காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டீங்களா?”

நான் அப்படியே நின்றுவிட்டேன். குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவளும் தள்ளாடிக்கொண்டுதான் வருகிறாள், ரேவதியின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு செருப்பு கையில். முகம் முழுக்கச் சிரிப்பு. ரேவதி, “ஒருத்தரும் நேரா நடக்கல! மொத்த ஃபேமிலியும் ஹை லா!” என்று எங்களைப் படம் பிடித்தாள். அந்தத் தூண்டில்காரர்கூடத் தள்ளாடித்தான் போனார், மாப்பிள்ளை. அந்த ஊர்க்காரர்!

அப்புறம் அந்தச் சத்தம். அலை வரும்போது ஒன்றுமில்லை, போகும்போதுதான். தண்ணீர் பின்வாங்க, ஆயிரக்கணக்கான கல் ஒன்றோடொன்று உரசி உருண்டுகொண்டே இறங்குகிறது. எதைப்போல என்று நான் சொல் தேடிக்கொண்டிருந்தேன். மல்லிகா உடனே சொன்னாள்: “அண்ணே, எங்க கீழ் வீட்டு அன்ட்டி மாஜோங் ஆட காய் கலைக்கிற சத்தம்!” அதேதான். கடல் முழுக்க மேசை போட்டு, எல்லா மேசையிலும் ஒரே நேரத்தில் காய் கலைத்தால் எப்படியோ அப்படி. நீங்கள் ஏன் இதை எழுதவில்லை? எழுதியிருந்தால் நான் நம்பியிருப்பேனா என்பது வேறு கேள்வி.

ரேவதி கணுக்கால் அளவு தண்ணீரில் இறங்கிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தாள். மல்லிகா பெரிய கல் ஒன்றின்மேல் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தாள். இதுதான் நேரம் என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் நாளே மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்: “மல்லிகா, மாப்பிள்ளை கடலை விட்டதுக்கு நான்தான் காரணம். என்னை மன்னிச்சிரு.”

சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய அலை பின்வாங்கியது.

“என்ன?” என்று காதில் கை வைத்தாள்.

“ஒண்ணுமில்ல. தண்ணி குடிக்கிறியான்னு கேட்டேன்.”

“கைல பாட்டில் இருக்குல்ல, குடுங்க.”

இரண்டாவது முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று நாள் போனோம், மூன்று நாளும் வரவில்லை. கரையில் முக்கால்வாசி நடந்தோம். மல்லிகாவின் முழங்காலுக்கு அதற்கு மேல் முடியவில்லை. அவளுக்கு அதில் குறையே இல்லை. கடைசி நாள் தண்ணீரைப் பார்த்து நின்றுகொண்டு, “சொன்னதெல்லாம் இருக்குங்க இங்க” என்றாள். உங்களிடம்தான் சொன்னாள். நான் நகர்ந்துகொண்டேன்.

இதுவரை நேற்று மாலைக்குள் எழுதி முடித்துவிட்டேன். நேற்று ஒரு நிமிடம் இதைக் கிழித்துவிடலாமா என்றும் தோன்றியது. ஆனால் அவள் பெயர் வருகிற கடிதத்தை அவள் பார்க்காமல் அச்சுக்குக் கொடுப்பது முறையில்லை. இன்று காலை மல்லிகா தேக்கா சந்தைக்கு வந்தவள், நண்டுப் பையோடு என் வீட்டுக்கும் வந்தாள். நீங்கள் வழக்கமாக வாங்கும் நண்டுக் கடைக்காரர் இன்னும் உங்களைக் கேட்கிறாராம். இது ஐந்தாவதில் வர வேண்டியது. தாள்களை மேசையில் அவள் முன்னால் வைத்துவிட்டு, நான் அடுப்படிக்குப் போய்க் கொதிக்காத தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. டாக்சிக்காரர் இடமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் தாள் புரளும் சத்தம். பிறகு, “அண்ணே, இங்க வாங்க” என்றாள். போனேன். முதல் தாளில், நான்காம் எண்ணின்மேல் விரலை வைத்திருந்தாள்.

“இது தப்பு.”

“எழுத்துப் பிழையா?”

“இல்லண்ணே, விஷயமே தப்பு. பார் ஊருன்னு எனக்கு அப்பவே தெரியும்.”

எனக்கு விளங்கவில்லை. “அப்பவேன்னா? ரேவதி சொன்னப்பவா?”

“நீங்க ஆறு பக்கம் எழுதிட்டு இருந்தீங்கல்ல, அன்னிக்கு மத்தியானமே. நீங்க வேலைக்குப் போனதும் உங்க பெரிய அட்லஸ எடுத்துப் பாத்தேன். பூதக்கண்ணாடி வச்சுத் தேடினேன். கடல் ஓரமா குட்டியா போட்டிருந்துச்சு. பார்னு.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க எழுதறத நிறுத்திருவீங்களே!” என்றாள். “ரேவதி வயித்துல நாலு மாசம். எனக்கு அவரு வீட்டுக்கு வரணும். நான் எழுதினா அழுது கூப்பிடறேன்னு நெனப்பாரு. நீங்க எழுதினா ஆறு பக்கம். எண்ணு வேற.”

அன்று சமையலறையில் அவள் தோள் குலுங்கியது அழுகையால் இல்லை, சிரிப்பால், மாப்பிள்ளை. உங்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. ரேவதி பிறந்த மாதமே உங்களிடம் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாமே?

“கேட்டுட்டு எப்படிச் சிரிச்சாரு தெரியுமா? கொழந்த முழிச்சிருச்சு. அவருக்கும் வரணும்னுதான் இருந்திருக்கு. கப்பல்ல சொல்ல ஒரு காரணம் கெடைக்கல. கொழந்த பொறக்கப் போகுதுன்னா எல்லாருக்கும்தான் பொறக்குதுன்னு சொல்லுவாங்களாம். உங்க ஆறு பக்கத்தையும் அந்த ரெண்டு வரியையும் கேப்டன்கிட்ட தூக்கிக் காட்டியிருக்காரு. என் மச்சான் இவ்ளோ கோவமா இருக்காருன்னு. கேப்டனுக்குத் தமிழ் தெரியாது, ஆனா நீங்க அடிக்கோடு போட்டிருந்ததப் பாத்தே பயந்துட்டாராம்.”

“கப்பல் முனை திரும்பற வரைக்கும் நின்னு பாப்பாருன்னு நீதானே சொன்ன?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே சிறுபிள்ளைக் குரலாகக் கேட்டது.

“அவரு மாட்டின எஞ்சின் ஒழுங்கா ஓடுதான்னு பாப்பாருண்ணே. ஓடினா வீட்டுக்கு வந்து சாப்பிடுவாரு. கடல் வேணும்னு இருந்தா போயிருப்பாரு. நீங்க சொல்லி நிக்கிற ஆளா அவரு?”

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்வதென்றால் நன்றாகவே வந்தது. “நாப்பது வருஷம் ரெண்டு பேரும் சேந்து என்னை முட்டாளாவா வச்சிருந்தீங்க?”

“முட்டாளா எதுக்கு? டாக்டரா வச்சிருந்தோம். ஒருத்தன் குடிய நிறுத்தின டாக்டர்! சொல்லிரலாம்னு நான் எத்தன தடவ சொன்னேன். ‘விடு மல்லி, தீபாவளிக்குத் தீபாவளி மச்சான் முகத்துல ஒரு வெளிச்சம் வருது பாரு, அத ஏன் அணைக்கணும்’னு சொல்லிட்டாரு. அவரு போனப்புறம் நான் மட்டும் எப்படிச் சொல்றது? அன்னிக்கு ரேவதி ஊர் பேரச் சொன்னப்ப உங்க பக்கம் திரும்பினா சிரிச்சிருவேன்னு டீய பாத்துக்கிட்டு நின்னேன். நீங்க பத்து மாசமா இத தூக்கிக்கிட்டு அலையறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அப்புறம்தான் அவள் கண் கலங்கியது. “கேட்டிருக்கலாமேண்ணே” என்றாள்.

நண்டை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு அவள் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. போகும்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பூன் லேக்கு வரச் சொன்னாள். நண்டை நான்தான் எடுத்துவர வேண்டுமாம். கோபம் தீர்ந்துவிட்டது. இப்போது இருப்பது என்ன என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நாற்பது வருடம் ஒரு பெருமையைச் சுமந்தேன், அது என்னுடையதில்லை. பத்து மாதம் ஒரு குற்றத்தைச் சுமந்தேன், அதுவும் என்னுடையதில்லை. கைகள் லேசாக இருக்கின்றன, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி பேனாவை எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடம் என்னை அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டீர்களே, மாப்பிள்ளை, அதற்கு நான் எந்தப் பட்டியலில் இடம் ஒதுக்குவது?

மேலே எழுதியதை அடிக்காமல் அப்படியே அச்சுக்குக் கொடுக்கிறேன். இனி மல்லிகா மனதில் என்ன இருக்கிறது என்பதை அவளையே கேட்பேன். கேட்காமல் அவளுக்காக ஒரு வரிகூட எழுத மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

மூன்றாவது அப்படியே நிற்கிறது. சத்தியம் என்று நீங்கள் எழுதியும் நான் நம்பவில்லை. அதை மன்னித்துவிடுங்கள். நான்காவது தவறு. நீங்கள் கடலை இழக்கவில்லை, வீட்டுக்கு வந்தீர்கள். வரவழைத்தவள் என் தங்கை. காரணம் நான் என்று எழுதியது என் பிழை.

ஒப்புக்கொள்ளும்,
உங்கள் மச்சான்